சோழி வைத்துக் கிரகணம் சொன்னவர்

கிரகணத்தன்று உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? பால், தயிர், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றிலும் ஒரு தர்ப்பையைக் கிள்ளிப் போடுவீர்கள். பிடிப்பதற்கு முன்பே சமையலை முடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவீர்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் வாசல் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்வீர்கள். விட்டதும் தலைக்கு ஸ்நானம், சுவாமிக்கு விளக்கு. அதற்குப் பிறகுதான் அடுப்பு!

இத்தனையும் காலண்டரில் அச்சடித்திருக்கும் இரண்டு நேரங்களை நம்பித்தானே? ஸ்பரிசம் இத்தனை மணிக்கு... மோட்சம் இத்தனை மணிக்கு. அந்த நேரத்தைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரிந்தது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

நானும் யோசித்ததில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த ஒரு சம்பவம்தான் யோசிக்க வைத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், இருநூறு வருஷத்துக்கு முந்தைய புதுச்சேரிக்கு உங்களைக் கொஞ்சம் அழைத்துப் போகிறேன். வாருங்கள்.

ஜான் வாரன் என்று ஒருவர். பிரெஞ்சு வம்சத்தில் பிறந்து ஆங்கிலேயர் படையில் சேர்ந்தவர். சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பைச் சில வருஷம் கவனித்தவர். (கோலார் பக்கம் மண்ணில் தங்கம் இருப்பதை 1802-ல் ஆராய்ந்து எழுதியவரும் இவர்தான்.) நம் பஞ்சாங்கக் கணக்கு என்னவென்று தெரிந்துகொள்ள இவருக்கு ஒரே ஆர்வம். 1825-ல் 'கால சங்கலிதா' என்று தடிமனான புத்தகமே எழுதிவிட்டார்.

அந்தத் தேடலில் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சந்தித்தார். 1825 மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டும்படி கேட்டார். அவர் காகிதத்தைத் தொடவில்லை. பேனாவைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்தார். சோழிகளை எடுத்துப் பரப்பினார். மனப்பாடமாக வைத்திருந்த சொற்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே சோழிகளைக் கூட்டினார், குறைத்தார், நகர்த்தினார். கடைசியில் கிரகணம் பிடிக்கும் நேரம், நடு நேரம், விடும் நேரம் மூன்றையும் சொல்லிவிட்டார்!

சொற்களை வைத்துக் கணக்கா என்று ஆச்சரியப்பட வேண்டாம். பாட்டு கற்றுக்கொண்டவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். மேளகர்த்தா ராகங்களின் பெயரிலேயே அதன் எண் ஒளிந்திருக்கிறதல்லவா? மாயாமாளவகௌளையில் 'மா' என்றால் ஐந்து, 'யா' என்றால் ஒன்று. திருப்பிப் போட்டால் பதினைந்து. அது 15-வது மேளம். தீரசங்கராபரணத்தில் 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு. திருப்பினால் 29. கடபயாதி என்று பாட்டு வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பாரே, அதேதான். சந்திரனின் நடையைச் சொல்லும் 248 வாக்கியங்கள் இந்த முறையில் அமைந்தவை. எண்களைச் சொற்களுக்குள் ஒளித்து, சொற்களை நெஞ்சுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயரே இந்த வாக்கியங்களால் வந்தது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. வாரன் அந்தப் பஞ்சாங்கக்காரரின் ஞாபக சக்தியைக் கண்டு வியந்தார். கூடவே இன்னொன்றையும் எழுதி வைத்தார். இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் வான சாஸ்திரத் தத்துவம் அந்த மனிதருக்குத் துளியும் தெரியாதாம்! பூமியின் நிழலின் அளவு என்ன, சந்திரன் ஏன் ஒருநாள் வேகமாகவும் ஒருநாள் மெதுவாகவும் நடக்கிறது... எதுவும் தெரியாது. எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சோழியை எங்கே வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

கணக்கு பலித்ததா? ஆட்டோ நாய்கபவர் என்ற புகழ்பெற்ற கணித வரலாற்று அறிஞர் இதைப் பின்னாளில் சரிபார்த்திருக்கிறார். பிடிக்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு. நடு நேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கி இல்லை, காகிதம்கூட இல்லை. தரையில் கிடந்த சோழிகளை வைத்து!

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கிரகணம் 'தெரியும்' என்று சொல்வீர்களா, 'தெரியாது' என்று சொல்வீர்களா?

சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். இதே கேள்வியை அமெரிக்காவில் ஜான் சேர்ல் என்ற தத்துவப் பேராசிரியர் 1980-ல் வேறு விதமாகக் கேட்டார். ஒரு அறைக்குள் சீன மொழி தெரியாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெளியிலிருந்து சீன எழுத்தில் சீட்டு வருகிறது. எந்த எழுத்து வந்தால் எந்த எழுத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் கையில் ஒரு பெரிய விதிப்புத்தகம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து அவரும் சீட்டுக் கொடுக்கிறார். வெளியில் இருப்பவர்கள், 'ஆகா, உள்ளே இருப்பவர் என்ன அழகாகச் சீனம் பேசுகிறார்!' என்று மெச்சுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கோ ஒரு எழுத்துகூடப் புரியாது. கம்ப்யூட்டரும் இப்படித்தான், அது எழுத்தைப் புரட்டுகிறது, பொருளை அறிவதில்லை என்றார் சேர்ல்.

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி நம் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. பேத்தி கட்டுரை எழுதுகிறாள், மருமகள் சமையல் குறிப்பு கேட்கிறாள், வரலட்சுமி விரதத்துக்குச் சரடு எத்தனை முடிச்சு என்றுகூட அதனிடம்தான் கேட்கிறார்கள். கோடானுகோடிப் பக்கங்களைப் படிக்கக் கொடுத்து, ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று பழக்கப்படுத்தப்பட்ட இயந்திரம் அது. 'அதற்கு ஒன்றும் புரியாது, சும்மா சொல்லுக்குச் சொல் அடுக்குகிறது' என்று சிலர் ஒரே போடாகப் போடுகிறார்கள். அப்படியானால் நம் புதுச்சேரிக்காரரும் சொல்லுக்குச் சோழி அடுக்கியவர்தானே? அவரை மட்டும் நிபுணர் என்று கும்பிடலாமா? இங்கேதான் எனக்கு இடித்தது.

சரி, எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாடி வீட்டு மாமிக்கு எழுபத்திரண்டு வயது. மாமா காலமாகி வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே பிள்ளை, அமெரிக்காவில் வேலை. வருஷாப்திகத்துக்கு வந்தாக வேண்டும். லீவு பத்தே நாள். டிக்கெட் போடுவதற்காக, அப்பா காலமான தேதியை செல்போனில் இருக்கும் ஏஐயிடம் கொடுத்துத் திதி கேட்டிருக்கிறான். அது 'ஏகாதசி' என்றது. அடுத்த வருஷம் அந்தத் திதி வரும் ஆங்கிலத் தேதியையும் சொல்லி, திதியின் மகிமையைப் பற்றி இரண்டு பாராவும் எழுதிக் கொடுத்தது. அதை அப்படியே மாமிக்கு அனுப்பிவிட்டான். மாமி என்னிடம் காட்டினாள். படிக்கப் படிக்க எவ்வளவு பவ்யமான தமிழ்! நானும், 'சரியாகத்தான் இருக்கும் மாமி' என்று சொன்னேன். என் தப்புதான்.

மாமிக்கு என்னவோ மனசு ஆறவில்லை. குடும்பத்து வாத்தியாரை வரவழைத்தாள். அன்றைக்கு நானும் கூட இருந்தேன். வாத்தியார் பையிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்தார். ஆனால் பிரிக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"மாமி, மாமா போனது எத்தனை மணிக்கு?"

"ராத்திரி ஒன்பதே கால்."

"அது ஆஸ்பத்திரிக் காகிதத்துல போட்ட நேரமா, நீங்க பார்த்த நேரமா?"

மாமி பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். வாத்தியாரும் அவசரப்படுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் குரல் வந்தது.

"நான் பார்க்கலை. ஏழரைக்குக் கஞ்சி கொடுத்தேன். ரெண்டு ஸ்பூன் உள்ளே போச்சு. அப்புறம் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தேன். மூணு நாளாத் தூங்கலையா... கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா நர்ஸ் நிக்கறா. எப்போ போனார்னே எனக்குத் தெரியாது. ஐம்பத்தோரு வருஷம் கூட இருந்தேன், அந்த நிமிஷம் இல்லாம போயிட்டேன்."

பதினோரு மாதமாக யாரிடமும் சொல்லாத விஷயம். பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாது.

வாத்தியார் அப்போதுதான் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். விரலை வைத்துப் பார்த்தார். "அன்னிக்குக் காலம்பற ஏகாதசி. சாயங்காலம் அஞ்சரைக்கே துவாதசி வந்தாச்சு. எட்டரைன்னாலும் ஒன்பதே கால்னாலும் துவாதசிதான் மாமி. நீங்க கண்ணசந்ததால எதுவும் தப்பிப் போகலை" என்றார்.

அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார். மாமி அழுதாள்.

ஏஐ செய்த தவறு என்ன என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். காலையில் சூரிய உதயத்தின்போது இருந்த திதியை அந்த நாளின் திதியாகச் சொல்லிவிட்டது. உயிர் பிரிந்த வேளையின் திதிதான் கணக்கு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி பன்னிரண்டு பாகை கூடும்போதெல்லாம் திதி மாறும். அது காலையிலும் மாறலாம், நடு ராத்திரியிலும் மாறலாம். நேரத்தைக் கேட்டிருந்தால் இயந்திரமும் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். சொல்லப்போனால், இப்போது வருபவை தேடிப் பார்க்கின்றன, கணக்கும் போடுகின்றன. நாளைக்கு இந்தப் பிழையே நடக்காமல் போகலாம். ஆகவே, 'பார்த்தீர்களா, இயந்திரம் தப்பு, வாத்தியார் சரி' என்று முடித்துவிட எனக்கு மனசில்லை. தப்புச் சொல்லும் வாத்தியார்களும் உண்டு.

என்னை உறுத்தியது வேறு. வாத்தியாருக்கும் வான சாஸ்திரம் தெரியாது. அச்சடித்த பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அப்படியிருந்தும் பதில் சொல்வதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது எந்த வாக்கியத்தில் இருக்கிறது?

2025-ல் சனிப்பெயர்ச்சி சமயத்தில் உங்களுக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்குமே! திருக்கணிதப்படி மார்ச் 29-ம் தேதியே சனி பகவான் கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போய்விட்டார். திருநள்ளாறிலோ வாக்கியப் பஞ்சாங்கம்தான் வழக்கம். அதன்படி 2026-ல்தான் பெயர்ச்சி. 'சனிப்பெயர்ச்சி என்றைக்கு?' என்று மொட்டையாகக் கேட்டால் எந்தப் பதிலும் பாதி சரி, பாதி தப்பு. விஷயம் தெரிந்தவர், 'உங்க வீட்ல எந்தப் பஞ்சாங்கம் பார்க்கறது வழக்கம்?' என்று திருப்பிக் கேட்பார். கேள்விக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது என்பது அவருக்கு நினைவில் இருக்கும்.

நம் கைவேலையையே எடுத்துக்கொள்ளுங்களேன். இட்லி மாவு ஏன் பொங்குகிறது? கண்ணுக்குத் தெரியாத எந்தக் கிருமி என்ன செய்கிறது? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் மார்கழியில் மாவைக் கரைத்து அடுப்பங்கரையில் கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும், சித்திரையில் சீக்கிரம் ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டும் என்று தெரியும். கையை விட்டுக் கலக்கும்போதே உளுந்து போதவில்லை என்று கை சொல்லிவிடும். தத்துவம் தெரியாவிட்டால் அறிவே இல்லை என்றால், நம் பாட்டிமார்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்களாகிவிடுவார்கள். அப்படியில்லை. மாவு புளித்துப்போனால் மறுநாள் காலையில் அதைச் சாப்பிடப் போவது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். பிசகினால் அது அவர்கள் கண் முன்னாலேயே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்து தெரிந்து வந்த அறிவு அது.

புதுச்சேரிக்காரருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நிழலின் அளவு அவருக்குத் தெரியாது. ஆனால் கிரகணம் என்றால் என்னவென்று தெரிந்திருக்குமே! அவர் வீட்டிலும் அன்று அடுப்பு அணைந்திருக்கும். அவர் சொன்ன நேரத்தை நம்பி ஒரு தெருவே பட்டினி இருந்திருக்கும். 52 நிமிடம் பிசகியபோது, 'என்ன சுவாமி, இப்படிச் சொன்னீரே!' என்று யாராவது அவர் வாசலில் வந்து நின்றிருக்கலாம். அவர் அதே தெருவில்தான் மறுநாளும் நடக்க வேண்டும். சேர்லின் அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒரு தெரு இல்லை.

ஆனாலும் அவர் அறிவில் ஒரு குறை இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அந்த 52 நிமிடத்தை அவரால் திருத்தியிருக்க முடியாது. ஏன் பிசகியது என்று தெரிந்தால்தானே திருத்தலாம்? கேரளத்தில் பரமேஸ்வரர் என்று ஒரு மகான் இருந்தார். சுமார் 55 வருஷம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் குறித்தவர். கணக்கும் வானமும் ஒத்துப்போகவில்லை என்று கண்டபோது, வானத்தைக் குறை சொல்லவில்லை. பெரியவர்கள் சொன்ன கணக்கைத் திருத்தினார். அப்படி 1431-ல் பிறந்ததுதான் 'த்ருக்கணிதம்'. நம் திருக்கணிதம் என்ற பெயரின் மூலமும் அந்தச் சொல்தான். கண்ணால் கண்டு ஒத்துப்போகும் கணிதம் என்று பொருள். 55 வருஷம் வானத்துக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறார், பாருங்கள்!

மாமியின் பிள்ளை, தப்பு தெரிந்ததும் ஏஐயிடம், 'ஏகாதசி இல்லை, துவாதசி' என்று சொன்னானாம். உடனே அது மன்னிப்புக் கேட்டு, 'நீங்கள் சொல்வதுதான் சரி' என்றதாம். விளையாட்டாக, 'இல்லையில்லை, திரயோதசி' என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறான். அதற்கும் மன்னிப்பு, அதற்கும் 'நீங்கள் சொல்வதுதான் சரி'! அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுப்பட வேண்டியது வானத்துக்கு; அது கேட்டவருக்குக் கட்டுப்பட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனிதர்கள் இயந்திரத்திடம் மனம் திறப்பதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1966-லேயே ஜோசப் வைசன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர், சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் 'எலிசா' என்ற புரோகிராம் எழுதினார். அது உருவாவதைக் கூட இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனிடம் கொஞ்சம் பேசியதும், 'நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா?' என்று அவரை அனுப்பிவிட்டாராம்! பேராசிரியர் அதிர்ந்து போனார். தனிமையில் இருக்கும் மனசு பிடித்துக்கொள்ள எதையாவது தேடும். மாமியும் ஒரு ராத்திரி செல்போனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். அதுவும் நல்ல வார்த்தை நாலு சொல்லியிருக்கும், வாத்தியாரைவிட நீளமாகவே. அதனால் அவளுக்கு ஆறுதல் கிடைத்திருக்காது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் வாத்தியார் தன் அகமுடையாளை நாலு வருஷம் முன்னால் இழந்தவர். தூக்கத்தைப் பற்றி அவர் சொன்னது அங்கிருந்து வந்தது. அது மாமிக்கும் தெரியும்.

பிள்ளை துவாதசிக்கே டிக்கெட் போட்டு வந்து சேர்ந்தான். வருஷாப்திகம் நல்லபடியாக நடந்தது. பிண்டம் வைத்ததும் காகம் உடனே வந்தது. வாத்தியார் தன் நோட்டுப்புத்தகத்தில் கோத்திரம், பெயர், மாசம், பட்சம், திதி எல்லாம் எழுதி, மாமாவின் பெயருக்கு நேராக 'இரவு' என்றும் குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாமி பிள்ளையை உட்கார வைத்து, அந்த ராத்திரி நடந்ததை அவளாகவே சொன்னாள். கஞ்சி, இரண்டு ஸ்பூன், கண்ணசந்தது, நர்ஸ். எல்லாவற்றையும்.

"ஏம்மா, இதை என்கிட்ட இத்தனை நாளாச் சொல்லவே இல்லையே?" என்றான்.

"நீ தேதி மட்டும்தானேடா கேட்டே" என்றாள் மாமி.